வருசம் ஓடுது, வாரம் நகர மாட்டேங்குது

மனநலக் கேள்வி–பதில்: இந்த முறை நேரத்தைப் பற்றி வந்த கடிதங்கள் மட்டும்

எனக்கு 54 வயதுங்க. தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். சின்ன வயசில் ஒரு மாரியம்மன் நோம்பிக்கும் அடுத்த நோம்பிக்கும் நடுவில் ஒரு யுகமே கிடக்கும். இப்போது கம்பம் நட்டார்கள், பிடுங்கினார்கள், மறுபடி நட்டுவிட்டார்கள் என்று ஆகிறது. ஆனால் பேங்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் மட்டும் நேரம் நகர மாட்டேங்குது. ஏனுங்க இப்படி?
— வாசகர், ஆனைமலை

மனசுக்குள் இரண்டு விதமான கணக்கு நடக்கிறது. நேரம் போய்க்கொண்டிருக்கும்போதே அதைக் கவனித்துப் போடும் கணக்கு ஒன்று. போன பிறகு, ஞாபகத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்துப் போடும் கணக்கு இன்னொன்று. பேங்கில் உங்கள் கவனம் முழுக்க டோக்கன் பலகையில் இருப்பதால் முதல் கணக்கு நீள்கிறது. வருசத்தை அளப்பது இரண்டாவது கணக்கு. தோப்பில் 45 நாளுக்கு ஒரு வெட்டு, வருசத்துக்கு எட்டு வெட்டு. எட்டும் ஒன்றுபோலவே நடந்தால் ஞாபகத்தில் நிற்பது எட்டு அல்ல, ஏறக்குறைய ஒன்று. அதனால்தான் திரும்பிப் பார்க்கையில் வருசம் சுருங்கித் தெரிகிறது.

பத்து வயதுப் பையனுக்கு ஒரு வருசம் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு 54-ல் ஒரு பங்கு, ஆகவே சிறிதாகத் தெரிகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. 1877-ல் பிரான்சின் பால் ஜானே சொன்னது. இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கேட்க அழகாக இருக்கும், ஆனால் போதாது. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே, இது நடப்பதை ஒருவாறு வர்ணிக்கிறதே தவிர அதன் காரணத்தைச் சொல்லவில்லை என்று எழுதிவிட்டார். பங்குக் கணக்கு சரியென்றால் வயதானவர்களுக்கு வாரமும் மாதமும்கூட வேகமாக ஓட வேண்டும். 2005-ல் மார்க் விட்மனும் சாண்ட்ரா லென்ஹாஃபும் ஜெர்மனி, ஆஸ்திரியாவில் 14 முதல் 94 வயது வரையுள்ள 499 பேரைக் கேட்டுப் பார்த்தார்கள். போன வாரம், போன மாதம் எவ்வளவு வேகமாகப் போனது என்ற கேள்விக்கு இளையவர், முதியவர் பதிலில் பெரிய வித்தியாசம் இல்லை. கடந்த பத்து வருசத்தைக் கேட்டபோதுதான் வயது வேலை காட்டியது, அதுவும் ஐம்பது வயதுவாக்கில் ஏறி நின்றுவிட்டது. நீங்கள் இப்போது அந்த உச்சியில் இருக்கிறீர்கள். இனி இதைவிட வேகமெடுக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை.

நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை ஞாபகங்களைக் கேட்டால் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவையே அதிகமாக வரும். முதல் வேலை, முதல் வண்டி, கல்யாணம், முதல் குழந்தை எல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன. பிறகு வருவதெல்லாம் பெரும்பாலும் மறுபதிப்பு.

செய்யக்கூடியது இது. ராத்திரி படுக்கும் முன் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முதல் வாரம் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இரண்டாம் வாரம் நோட்டை மூடிவிடுவதைப் பார்க்கிறோம். ‘தோப்புக்குப் போனேன்’ என்று எழுதினால் பயனில்லை. ‘மோட்டார் ரூம் பக்கத்து மூணாவது வரிசைக்கு வெள்ளை ஈ வந்துருச்சு’ என்று, அந்த ஒரு நாளுக்கு மட்டுமே பொருந்துகிறதை எழுதுங்கள். அமாவாசைக்கு அமாவாசை அந்த மாதத்தைத் திருப்பிப் படியுங்கள். ஞாபகம் ஊறுவது படிக்கும்போதுதான், எழுதும்போது மட்டும் அல்ல. கூடவே மாதத்துக்கு ஒன்றாவது புதிதாக இருக்கட்டும்: போகாத ஊர்ச் சந்தை, பழகாத ஒரு வேலை. செல்போனில் ரீல்ஸ் பார்ப்பது இதில் சேராது. பார்க்கும்போது ஒரு மணி நேரம் பத்து நிமிசமாகப் போகும், பிறகு யோசித்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இரண்டு கணக்கிலும் நட்டம்.

ராகு காலத்தில் கிளம்பினால் எனக்குக் கைகால் உதறுகிறது. இது மனநோயா?
— வாசகி, ராசிபுரம்

இல்லை. பழகிய பயம், அவ்வளவே. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காலண்டரில் திங்கட்கிழமைக்கு 7.30–9.00 என்று அச்சிடுவது, சூரியன் சரியாக ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைகிறது என்று வைத்து, பகலை எட்டாகப் பிரித்து, இரண்டாம் பங்கைக் குறித்தது. ஜனவரியில் கொங்குப் பக்கம் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய ஆறே முக்கால் ஆகிவிடும். அந்த முறைப்படியே உதயத்திலிருந்து எண்ணினால் திங்கட்கிழமை ராகு காலம் எட்டேகாலுக்கு முன்பின்தான் தொடங்கும். அப்படிப் பார்த்தால், நீங்கள் ‘நல்ல நேரம்’ என்று நினைத்து ஒன்பதேகாலுக்குக் கிளம்பிய நாட்களில் பல ராகு காலத்தில்தான் கிளம்பியிருக்கிறீர்கள், நல்லபடியாகவே வீடும் திரும்பியிருக்கிறீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இதை வாதாட வேண்டாம். பரீட்சை, ஆஸ்பத்திரி போன்றவற்றுக்கு ராகு காலம் தொடங்கக் கால் மணி முன்னதாக வாசலைத் தாண்டிவிட்டால் அவர்கள் மனசும் கெடாது, உங்கள் பஸ்ஸும் தவறாது.

பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். சரக்கு வாங்கும் பையர் தேதி சொன்னால் தேதிதான். இங்கே சாயப்பட்டறையில் கேட்டால் ‘நாளைக்குப் பொழுதோட ஆயிருமுங்க’. அந்த நாளை வருவதே இல்லை. நம் ஆட்களுக்கு நேர உணர்ச்சியே கிடையாதா? இல்லை, இது நம் கலாசாரமா?
— வாசகி, திருப்பூர்

கலாசாரமும் உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

ஒரு நேரத்தில் ஒரு வேலை, அதற்கொரு கெடு என்று ஓடும் சமூகங்கள் உண்டு. பல வேலைகளையும் பல உறவுகளையும் ஒன்றாகப் பிடித்து ஓடும் சமூகங்களும் உண்டு. எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் இந்தப் பிரிவினையைச் சொன்னார். உங்கள் பையர் முதல் வகை. பட்டறைக்காரரோ ஒரே நாளில் எட்டுக் கம்பெனிக்குத் துணி ஏற்றுகிறவர். உங்களிடம் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்வது அவருக்கு மரியாதைக் குறைவு. அவருடைய ‘நாளைக்கு’ பல சமயம் தேதி இல்லை, ‘உங்களை விட்டுவிட மாட்டேன்’ என்ற உறுதி. நீங்கள் அதைத் தேதியாக எழுதிக்கொள்கிறீர்கள், தகராறு அங்கே தொடங்குகிறது.

‘எந்த நாட்டில் வேகம் அதிகம்’ என்ற பேச்சுக்கெல்லாம் மூலம் ராபர்ட் லெவின் 1999-ல் வெளியிட்ட ஆய்வு. 31 நாடுகளின் பெருநகரங்களில், மக்கள் 60 அடி தூரத்தை எத்தனை நொடியில் நடக்கிறார்கள், தபால் நிலையத்தில் ஒரு ஸ்டாம்ப் வாங்க எவ்வளவு நேரம் ஆகிறது, பேங்குகளில் மாட்டியிருக்கும் கடிகாரம் எவ்வளவு சரியாக ஓடுகிறது என்று அளந்தார்கள். சுவிட்சர்லாந்து முதலிடம், மெக்சிகோ கடைசி. இந்தியா அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதை வைத்து நம்மைக் குறை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

மீதிக் காரணம் எல்லா நாட்டு மனிதருக்கும் பொதுவானது. கனடாவில் 1994-ல் வந்த ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோளாறாகப் போனால்? 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். கெட்ட கணக்கும்கூட நல்ல கணக்காகவே இருந்திருக்கிறது. வேலையை மனசில் ஓட்டிப் பார்க்கும்போது நாம் தடங்கல் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதுதான் காரணம்.

ஆகவே கேட்கும் முறையை மாற்றுங்கள். ‘எப்ப ஆகும்?’ என்று கேட்டால் பதில் ‘நாளைக்கு’தான். ‘நம்ம துணி எத்தனை கிலோ மிஷினில் ஏறியிருக்கு, எத்தனை கிலோ தரையில் கிடக்கு, இப்ப ஓடுறது யாருது?’ என்று கேளுங்கள். தரையில் கிடந்தால் நாளைக்கு வராது, அவர் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். அதே பட்டறையில் கடைசி ஐந்து ஆர்டருக்குச் சொன்ன தேதியையும் வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சராசரி நான்கு நாள் தாமதம் என்றால் அந்த நான்கை உங்கள் அட்டவணையில் போடுங்கள், அவருடைய வாக்கில் தேடாதீர்கள். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி வாங்குங்கள். மொத்தமாக ஒரு தேதி வாங்கினால் நடுவில் எது சறுக்கியது என்று கடைசி வாரம்தான் தெரியும். ஷேடு ஒத்துவராமல் மறுசாயம் போவதற்கு ஒரு இடைவெளி முதலிலேயே விட்டு வையுங்கள். ஹோலிக்கும், தீபாவளியை அடுத்து வரும் சாத் பூஜைக்கும் வடநாட்டுத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவதைக் காலண்டரில் இப்போதே வட்டமிடுங்கள். அது திடீர்ச் சம்பவம் இல்லை, வருசா வருசம் வருவது.

செய்யக்கூடாத ஒன்று: 15-ந் தேதி வேண்டியதை 10 என்று பொய்யாகச் சொல்வது. இரண்டு முறை பலிக்கும். மூன்றாம் முறை உங்கள் தேதியிலிருந்து ஐந்தைக் கூட்டிக்கொள்ளப் பழகிவிடுவார்கள்.

என் மகளுக்கு ஐந்து வயது. ‘அப்புச்சி ஊருக்கு எப்பப் போறோம், நாளைக்கா, நாளைக்கா’ என்று நச்சரிக்கிறாள். ‘பத்து நிமிசம் இரு கண்ணு’ என்றால் பத்து நொடியில் வந்து நிற்கிறாள். பிடிவாதமா, புரியவில்லையா?
— வாசகி, பெருந்துறை

புரியவில்லை. ஐந்து வயதில் ‘முதலில் இது, பிறகு அது’ என்ற வரிசை தெரியும். நீளம் தெரியாது. போன வாரம் நடந்ததையும் ‘நேத்து’ என்றுதான் சொல்வாள், அதுவும் தப்பில்லை. வாரத்தின் நாட்களை ஒப்பித்தாலும் வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று கேட்டால் விழிப்பாள். ஒப்பிப்பது வேறு, அளப்பது வேறு.

சுவரில் தினசரிக் காலண்டர் இருந்தால் அதுவே போதும். ஊருக்குப் போகும் நாளின் தாளில் சிவப்பு மையால் ஒரு படம் வரைந்துவிட்டு, தினமும் காலையில் தாளைக் கிழிக்கும் வேலையை அவளிடமே கொடுங்கள். மீதித் தாளின் தடிமனைத் தொட்டுப் பார்க்கட்டும். ஏழு நாளுக்கு மேலிருந்தால் இப்போதே ஆரம்பிக்க வேண்டாம், சலித்துப்போகும். ‘பத்து நிமிச’த்துக்குப் பதில் ‘குக்கர் மூணு விசில் அடிக்கிற வரைக்கும்’ என்று சொல்லுங்கள். கடிகாரத்தில் ஆறு வயதில் சின்ன முள் மட்டும், அது பழகியபின் அரை மணி, ஏழு எட்டு வயதில் நிமிச முள். எண் கடிகாரத்தில் தொடங்கினால் எண்ணைப் படிப்பாள், ஆனால் எவ்வளவு நேரம் மீதமிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று இதைவிட முக்கியம். சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்யுங்கள். குழந்தை முன் ஒரு மிட்டாயை வைத்து, சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு தருவோம் என்று சொல்லும் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2013-ல் அதையே ஒரு மாற்றத்தோடு அமெரிக்காவில் செய்தார்கள். நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெறுங்கையோடு வந்த குழந்தைகள், பிறகு மிட்டாய்க்கு முன் சராசரி மூன்று நிமிசம்தான் பொறுத்தார்கள். சொன்னபடி கொண்டுவந்தவரிடம் இருந்த குழந்தைகள் பன்னிரண்டு நிமிசம். காத்திருந்து பயனில்லை என்று கற்ற குழந்தை காத்திருக்காது, அதைப் பிடிவாதம் என்று சொல்லக்கூடாது. இதே மிட்டாய்ச் சோதனையில் காமரூனின் ன்சோ விவசாயக் குடும்பத்து நாலு வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் கடைசி வரை காத்திருந்தார்கள், ஜெர்மன் குழந்தைகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு. பொறுமை பிறவிக் குணம் என்று முடிவு கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மாமியாருக்கு 72. ராத்திரி எட்டரைக்குப் படுத்து விடியக்காலம் மூன்றரைக்குப் பாத்திரம் உருட்டுகிறார். மகனுக்கு 17. ராத்திரி ஒரு மணி வரை முழிப்பு, காத்தால எழுப்பினால் சண்டை. ‘அந்தக் காலத்துல நாங்கெல்லாம்’ என்று அவர் தொடங்க, வீடே ரெண்டாகிறது.
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

இருவர் மேலும் தப்பில்லை. உடம்பின் தூக்கக் கடிகாரம் பருவ வயதில் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகும். இருபது வயதுவாக்கில் அதன் எல்லையைத் தொட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வரும். எழுபதில் கோழி கூப்பிடும் முன் முழிப்பு வருவது இயல்பு. உங்கள் வீட்டில் இருப்பது அந்த வட்டத்தின் இரண்டு முனைகள்.

மகனுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நாலரைக்கு எழுப்பிப் படிக்க வைப்பது நம் பக்கம் பெருமையான பழக்கம். ஒரு மணிக்குப் படுத்தவனை நாலரைக்கு எழுப்பினால் புத்தகம் திறந்திருக்கும், தலையில் ஏறாது. ஒரே நாளில் பத்து மணிக்குப் படு என்றாலும் நடக்காது, கண்ணை மூடிக் கிடப்பான். மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி முன்னால் நகர்த்துங்கள். எழுந்ததும் அரை மணி நேரம் வெளிச்சத்தில், திண்ணையிலோ மொட்டை மாடியிலோ இருக்க வேண்டும். படுக்கும் முன் ஒரு மணி நேரம் செல்போன் அவன் அறையில் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்க விட்டால் வாரம் முழுக்கச் சேர்த்தது போய்விடும், ஒரு மணி நேரம் கூடுதல் போதும். மாமியாருக்கு இதன் தலைகீழ்: வெளிச்சம் மாலை நாலரையிலிருந்து ஆறு வரை. பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். படுக்கை ஒன்பதரைக்கு.

பாத்திரத்துக்கு மருந்து இல்லை. ராத்திரியே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.

இணையத்தில் 56 கேள்விகள் உள்ள ‘காலப் பார்வை’ சோதனை எழுதினேன். எனக்கு ‘விதிவாதம்’ அதிகம் என்று வந்தது. விசைத்தறி வைத்துப் பிழைப்பவன் நான். மாற்றிக்கொள்ள முடியுமா?
— வாசகர், சோமனூர்

அது ஃபிலிப் ஜிம்பார்டோவும் ஜான் பாய்டும் 1999-ல் வெளியிட்டது. கசந்த கடந்தகாலம், இனித்த கடந்தகாலம், அனுபவிக்கும் நிகழ்காலம், விதியென்று விடும் நிகழ்காலம், எதிர்காலம் என ஐந்து கோணங்கள். ஒருவரை ஒரே பெட்டிக்குள் அடைப்பதற்கானது அல்ல, ஐந்திலும் எவ்வளவு எவ்வளவு என்று பார்ப்பதற்கு.

அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை மனதில் வைத்துத் தொடங்கிய கேள்விகள் அவை. ‘என் வாழ்க்கை என் கையில் இல்லாத சக்திகளால் நடக்கிறது’ என்கிற ரீதியில் ஒரு கேள்வி வந்தால் நூல் விலை, கரண்ட், கூலி ஒப்பந்தம் மூன்றும் பிறர் கையில் உள்ள தறிக்காரர் ‘ஆமாம்’ என்றுதான் போடுவார். வாய்க்கால் முறைத் தண்ணீரை நம்பி நடுகிறவரும் அப்படியே. அது விதிவாதம் இல்லை, நிலவரம். அத்திக்கடவு–அவினாசித் திட்டத்துக்காகத் தலைமுறை கடந்து கேட்டுக்கொண்டே இருந்து, 2024 ஆகஸ்டில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் வாங்கிய ஊர்க்காரர்கள் நாம். அந்தச் சோதனைத் தாளை அவர்களிடம் கொடுத்திருந்தால் பாதிப் பேருக்கு உங்கள் மதிப்பெண்தான் வந்திருக்கும்.

கவனிக்க வேண்டியது வேறு. உங்கள் கையில் இருப்பதையும் விட்டுவிடுகிறீர்களா? தறிக்கு எண்ணெய், பாவு கணக்கு, சுகர் மாத்திரை, பிள்ளையின் ஃபீஸ் தேதி எல்லாம் நேரத்துக்கு நடந்தால் விட்டுவிடுங்கள் அந்த மதிப்பெண்ணை. நடக்கவில்லை, எதிலும் பிடிப்பும் இல்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருக்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.

ஐயனுக்கு 78. உயில், பாகப் பிரிவினை என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறார். சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்வர மட்டும் ஆசை. ஆனால் போன மாதம் பனங்கொட்டை வாங்கி வேலியோரம் ஊன்றியிருக்கிறார். எதிர்காலத்தை நினைக்கிறாரா, இல்லையா?
— வாசகர், காங்கேயம்

நினைக்கிறார். அந்த எதிர்காலத்தில் தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

மீதி நாள் குறைவு என்று மனம் உணர்ந்தால், புதுப் பழக்கங்களை விட்டு நெருங்கியவர்களைத் தேடும் என்கிறார் ஸ்டான்ஃபோர்டின் லாரா கார்ஸ்டென்சன். வயதால் மட்டும் வருவதல்ல இது. சீக்கிரம் வெகுதூரம் குடிபோகப் போவதாகக் கற்பனை செய்யச் சொன்னால் இளைஞர்களும் புது ஆட்களை விட்டு உறவுகளையே தேர்ந்தெடுத்தார்கள். இன்னும் இருபது வருசம் ஆயுள் கூடும் என்று கற்பனை செய்த முதியவர்கள் இளைஞர்கள் மாதிரித் தேர்ந்தெடுத்தார்கள். 1997-ல் ஹாங்காங் சீனாவிடம் போவதற்கு முன்னும் அங்கே இளையவர்களிடம் இந்த மாற்றம் தெரிந்தது.

ஆகவே ‘உங்களுக்கப்புறம்’ என்று பேச்சைத் தொடங்காதீர்கள். பனைக்கு அருகே நின்று, ‘இந்த வேலி யாருக்கு வந்தா வெட்டாம வச்சிருப்பாங்க?’ என்று கேளுங்கள். காலையில், அவர் தெம்பாக இருக்கும்போது, ஒரு சிட்டிங்கில் ஒரு விசயம் மட்டும். உயிலுக்கு இரண்டு சாட்சிகளின் கையெழுத்து கட்டாயம், பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிட்டால் பின்னால் வழக்கு குறையும். சொந்தக்காரர் வீடுகளுக்கு அழைத்துப் போங்கள். தள்ளிப்போடக் கூடாதது அதுதான்.

அம்மாவுக்கு 69. என்ன கிழமை என்று அடிக்கடி கேட்கிறார். வயதாகிவிட்டால் இப்படித்தானா?
— வாசகி, தாராபுரம்

கிழமை மறப்பது வேலைக்குப் போகாத எவருக்கும் வரும். நினைவுபடுத்தினால் ‘அட ஆமா’ என்று பிடித்துக்கொள்கிறாரா பாருங்கள். பிடித்துக்கொண்டால் கவலை குறைவு. சொன்ன பத்து நிமிசத்தில் மறுபடி கேட்டால், வருசத்தையோ பருவத்தையோ தவறாகச் சொன்னால், பகலை ராத்திரி என்றால், பழகிய வழியில் தடுமாறினால் நரம்பியல் அல்லது முதியோர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்கே வட்டம் போட்டுக் கடிகாரம் வரையச் சொல்லி, முள்ளைப் பதினொன்று பத்தில் வைக்கச் சொல்வார்கள். நீங்கள் வீட்டில் அதைச் செய்து பார்த்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, தூக்க மாத்திரை இவையும் இதே மாதிரி காட்டும், அவற்றைச் சரிசெய்ய வழியுண்டு.

நேற்று வரை நன்றாக இருந்தவர் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று நாளும் இடமும் தெரியாமல் குழம்பினால் அது வயதும் இல்லை, மறதி நோயும் இல்லை. சிறுநீர்த் தொற்று, சோடியம் இறக்கம், மாத்திரைக் கோளாறு, பக்கவாதம் என்று ஏதாவது இருக்கும். விடியட்டும் என்று காத்திருக்காமல், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.